பட்டாளத்துச் சமையல்காரன்

பிப்ரவரி 3

வெறும் வயிற்றில் சர்க்கரை 212. "என்ன சாப்பிட்டீங்க, என்ன செஞ்சீங்க, எல்லாத்தையும் தினமும் ஒரு நோட்டுல எழுதுங்க பால்சாமி. வாரத்துக்கு ஒருதடவை உங்க வீட்டம்மா படிச்சுப் பார்க்கட்டும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பதாவது ஃபெயிலானவனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் வீட்டுப்பாடம். திருத்தப்போவது என் மனைவி இந்திராணி. அவள் பத்தாவது பாஸ். அதை நான் மறந்தாலும் அவள் மறக்கவிடுவதில்லை.

வத்தலக்குண்டில் பந்தல், பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறேன். அண்டா, தேக்சா, ஜமக்காளம், பிளாஸ்டிக் நாற்காலி. எங்களுக்கு ஒரே மகன், திவாகர், முப்பத்தைந்து வயது. பதினாறு வருஷம் பட்டாளத்தில் சமையல்காரனாக இருந்துவிட்டுப் போன மாதம் வீட்டோடு வந்துவிட்டான். கொதிக்கிற பருப்பு அண்டா சரிந்து வலது தோள்பட்டையில் அடிபட்டுவிட்டதாம். அந்தக் கை அடிக்கடி மரத்துப்போகிறது. டம்ளர் கொடுத்தால் நழுவி விழுகிறது. இதுவரை ஏழு டம்ளர்.

சாப்பிட்டது: இட்லி மூன்று. பானிபூரி இல்லை.

பிப்ரவரி 4

சாப்பிட்டது: கேப்பைக் கூழ். பானிபூரி இரண்டே இரண்டு. பஸ் ஸ்டாண்டு பானிபூரிக்காரர் ராம்பாபு பீகார்க்காரர், நல்ல மனுஷன், ஊர் விட்டு ஊர் வந்தவர். பார்த்தால் பாவமாக இருந்தது.

பிப்ரவரி 6

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். ரிட்டயர்டு சுபேதார், ஞானப்பிரகாசம் என்று பெயர். நெட்டையாக, இஸ்திரி போட்ட மூங்கில் மாதிரி இருந்தார். ஓர் அறக்கட்டளையிலிருந்து வருகிறாராம்.

"ஐயா, சிறப்புப் படையில இருந்தவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் நாங்க..." என்று ஆரம்பித்தார். திவாகர் அவரை ஒரு பார்வை பார்த்தான். சுபேதார் ஒரு வாய் மோர் குடித்தார்.

"சிறப்புச் சமையல் படை" என்றார்.

"அப்படி ஒண்ணு இருக்கா சார்?" என்றேன்.

"சாதாரணமா வெளிய தெரியாதுங்க."

தோள்பட்டைக்குப் பெரிய ஆபரேஷன் வேண்டுமாம். எல்லாம் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளுமாம். குடும்பமும் கூடவே தங்கலாமாம். மார்ச் பதினெட்டாம் தேதி டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறார். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். ஆனால் அந்த விண்ணப்பத்தில் எங்கே, எப்படி அடிபட்டது என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. அதை அவனே சொல்லி நிரப்பி, அவனே வீட்டாருக்குப் படித்துக் காட்டவேண்டுமாம். அதுதான் அவர்கள் முறை. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் கையைப் பழக்கவேண்டியது வீட்டார்தானே, தெரியாமல் எப்படிப் பழக்குவது என்கிறார்கள்.

"பார்க்கலாம் சார்" என்று திவாகர் விண்ணப்பத்தை வாங்கி டிவிக்கு அடியில் செருகினான்.

சுபேதாரை பஸ் ஏற்றிவிடப் போனேன். "ஐயா, ஏப்ரலைத் தாண்டினா அந்தக் கை திரும்பாதுங்க. நரம்பு செத்துரும். அவரா வாயைத் திறக்கணும். நாங்க சொல்லக்கூடாது" என்றார். சரி சரி என்றேன். பருப்பு இவ்வளவு ஆபத்தானது என்று யாருக்குத் தெரியும்.

சாப்பிட்டது: மறந்துவிட்டது.

பிப்ரவரி 9

விராலிப்பட்டியில் பந்தல் வேலை. ஏணி எடுத்து வருவதற்குள் திவாகர் இடதுகையாலேயே மூங்கிலைப் பிடித்து உச்சிக்குப் போய்விட்டான். அவன் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாமல் சாயங்காலம் கயிற்றை அறுத்தோம். பட்டாளத்தில் உச்சாணிப் பரணில் மளிகைச் சாமான் வைத்திருப்பார்கள்போல.

இன்னும் சில சந்தேகங்கள். அவன் நடந்தால் சத்தமே வருவதில்லை. மாடிப்படியில் பின்னால் வந்து "அப்பா" என்றான். நான் நான்கு படி இறங்கிவிட்டேன், காலால் அல்ல. ஓட்டலுக்குப் போனால் சுவரோரம் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவான். போன மாதம் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா ஆசையாக, "மாப்ள, ரசத்துக்கு என்ன பொடி போடுவீங்க?" என்று கேட்டார். "அதை வெளிய சொல்லக்கூடாது சார்" என்றான். தொழில் பக்தி என்று நான் விளக்கம் சொன்னேன். சம்பந்தம் அமையவில்லை.

பிப்ரவரி 12

முறுக்குக்கடை வைரமணி கடைக்கு வந்தார். பேத்திக்குக் காதுகுத்து, இருபத்தெட்டாம் தேதி, கோயில் மண்டபம், சைவச் சாப்பாடு, இருநூற்றைம்பது பேர். பாத்திரம் கேட்டார். "பாத்திரம் என்ன, சமையலே நம்மளுதுதான். பையன் பட்டாளத்துக்கே ஆக்கிப்போட்டவன்" என்று சொல்லிவிட்டேன்.

திவாகர் அங்கேதான் கரண்டி எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணுவதை நிறுத்தினான்.

"எத்தனை பேருப்பா?"

"இருநூத்தம்பது."

தண்ணீர் குடித்தான். நான் காத்திருந்தேன். முகத்தைத் துடைத்தான். இன்னும் காத்திருந்தேன். வைரமணிகூட எதற்கென்று தெரியாமல் எங்களோடு சேர்ந்து காத்திருந்தார்.

"செஞ்சிரலாம்ப்பா" என்றான்.

சாப்பிட்டது: பானிபூரி ஒரு பிளேட். அவசியம் இருந்தது.

பிப்ரவரி 17

திவாகர் வீட்டில் ஒத்திகைச் சாம்பார் வைத்தான். கரண்டியை எடுத்தால் சாம்பாரும் கூடவே ஒரே கட்டியாக வந்தது.

"பட்டாளத்துல இப்படித்தான் வைப்பீங்களாடா?"

"மைனஸ் இருபது டிகிரிலப்பா. அங்க இப்படித்தான் இருக்கும்."

"இங்க வத்தலக்குண்டுடா."

"அது வரைக்கும் யோசிக்கல" என்றான்.

இந்திராணி ஒரு குறையும் சொல்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். முப்பத்தேழு வருஷமாக நான் வாங்கி வந்த காய்கறியில் ஒன்றைக்கூட அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. பெற்ற மகன் என்றால் நாக்குக்கூட வளைகிறது.

டிவிக்கு அடியில் விண்ணப்பம் அப்படியே இருக்கிறது. தூசி தட்டுவதுபோல எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பெயர் மட்டும் எழுதியிருக்கிறான். இடதுகையால் எழுதியிருக்கிறான். ஒன்றாம் வகுப்பில் இதைவிட நன்றாக எழுதுவான்.

பிப்ரவரி 20

சர்க்கரை 231. இந்திராணி இந்த நோட்டைப் படித்துவிட்டு ஓரத்தில் எழுதியது: "திங்கட்கிழமை சாப்பிட்ட மைசூர்பாகு எங்கே?"

பிப்ரவரி 25

உதவிக்கு மூன்று சிநேகிதர்கள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் பட்டாளம், எல்லாரும் சமையலாம். பட்டாளத்தில் இவனோடு ஒரே அடுப்படியாம், இப்போது அறக்கட்டளையிலும் பழக்கமாம். சாம்ராஜுக்கு ஒரு கால் செயற்கைக்கால். கேஸ் சிலிண்டர் உருண்டு விழுந்ததாம். தவசிக்கு ஒரு காதில் பாதி இல்லை, மிக்ஸி வெடித்ததாம். மூன்றாமவர் குர்மீத் பஞ்சாபி. அவருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்பதற்குள், "குக்கர் விசில், அங்கிள்" என்று சொல்லி முழங்கையை மறைத்துக்கொண்டார்.

நம் பட்டாளத்துக்கு எதிரியைவிட அடுப்படிதான் அதிகச் சேதம் விளைவித்திருக்கிறது என்று தெரிகிறது. எல்லையில் நிற்கிறவர்கள் புண்ணியவான்கள்.

பிப்ரவரி 27

நால்வரும் மண்டபத்தை வேவு பார்த்துவிட்டு வந்து கடைத் தரையில் சாக்பீஸால் படம் வரைந்தார்கள். அடுப்பு எங்கே, பந்தி எங்கே, கைகழுவும் குழாய் எங்கே, பந்திக்கும் குழாய்க்கும் எத்தனை தப்படி.

"பின்வாசல்ல யாரு?" என்றான் திவாகர்.

"நான். அப்பளத்தோட" என்றான் தவசி.

"முதல் பந்தி உட்காந்து நாலாவது நிமிஷம் சாம்பார் இறங்கணும். சாம்பார் தடைபட்டா?"

"ரசத்தை முன்னால தள்ளுறோம்" என்றான் சாம்ராஜ்.

"ரசமும் தடைபட்டா?"

எல்லாரும் குனிந்து படத்தைப் பார்த்தார்கள். "மோர்" என்றார் குர்மீத், நெஞ்சைத் தொட்டுக்கொண்டு.

நான் நாற்காலி எண்ணுவதுபோல நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாழையிலையில் எது எங்கே விழும் என்பதைக்கூட வரைந்திருந்தார்கள். சாம்பாரில் என்ன விழும் என்பதை மட்டும் யாரும் வரையவில்லை.

பிப்ரவரி 28

இதை நிதானமாக எழுதவேண்டும்.

காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டினார்கள். நால்வரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காய் வெட்டுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. கத்தரிக்காய்க்கே தான் வெட்டுப்பட்டது தெரிந்திருக்காது. எட்டரைக்கு எல்லாம் இறங்கிவிட்டது. நான் ஒரு சொட்டு சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கினேன். கண்ணுக்குள் தனுஷ்கோடிக் கடல் தெரிந்தது.

"உப்பு யாருடா போட்டது?"

"நான்" என்றான் திவாகர். "நான்" என்றான் சாம்ராஜ். "நான்" என்றான் தவசி. குர்மீத் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

பேசாமல் வேலை செய்து பழகியவர்கள். ஒருத்தர் செய்யாமல் விட்டதை அடுத்தவர் சொல்லாமல் செய்துவிடுவார்களாம். இத்தனை வருஷம் அப்படித்தான் உயிரோடு இருந்தோம் என்றான் தவசி. உயிருக்குச் சரி. சாம்பாருக்குச் சரிப்படவில்லை. ரசம், கூட்டு, பொரியல் எல்லாவற்றிலும் நாலு நாலு தடவை. பாயசத்தில்கூட ஒரு தடவை விழுந்திருந்தது. யார் என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மண்டபத்தில் வைரமணியின் சம்பந்தி வீட்டார் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். நான் போனை எடுத்து, "மாஸ்டர், வாங்க" என்றேன். அவ்வளவுதான். ஆறு நிமிஷத்தில் ஒரு டெம்போ வந்து நின்றது. சமையல் மாஸ்டர் காளிதாஸ் இறங்கினார். பின்னால் சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், பாயசம், இருநூற்றைம்பது பேருக்கு, ஆவி பறக்க.

சாம்ராஜ் கைதட்டினான். திவாகர் தட்டவில்லை. டெம்போவையே பார்த்தான். அண்டாக்களை எண்ணினான்.

"இதுல மூணு அண்டா நம்மளுது. நேத்துல இருந்து கடையில இல்ல" என்றான். "மாஸ்டர், உங்ககிட்ட எப்ப சொன்னாரு?"

காளிதாஸுக்கு உலகம் தெரியாது. "பன்னெண்டாம் தேதியே சொல்லிட்டாருப்பா. வைரமணி கடையை விட்டு இறங்கினதும் எனக்குத்தான் போன் போட்டாரு."

அடுப்படியில் நானும் அவனும் மட்டும் நின்றோம். மற்ற மூவரும் சொல்லாமலே டெம்போ பக்கம் போய்விட்டார்கள்.

"நான் சமையல்காரன் இல்லப்பா."

"சாம்பார் சொல்லிருச்சுடா."

"விளையாடாதீங்க. உங்களுக்கு எப்ப தெரியும்?"

"கார்த்திகையில."

சொல்லிவிட்டேன். கார்த்திகையில் ஒரு மத்தியானம் பட்டாளத்திலிருந்து போன் வந்தது. ஒரே இந்தி. நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, போனை ராம்பாபு காதில் வைத்தேன். அவர் கேட்டுக்கொண்டே பூரியை உடைத்தபடி இருந்தார். பிறகு உடைப்பதை நிறுத்திவிட்டார். "பையா, தும்ஹாரா... உங்க புள்ள கமாண்டோ. குண்டு. ஆஸ்பத்திரி. உயிர் இருக்கு, உயிர் இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பானிபூரி சாப்பிட்டேன். அவர் கொடுத்தார், நான் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு இந்த ஊரில் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒரே ஆள் அவர்தான். அவருக்குத் தமிழ் பாதி, எனக்கு இந்தி சுத்தமாக இல்லை. அதனால் சாப்பிடவேண்டியதாயிற்று. இந்த நோட்டிலும் எழுத முடியாது, இந்திராணி படிப்பாள்.

"அப்ப இந்தக் காதுகுத்து?"

"நீயா வாயைத் திறப்பேன்னு பார்த்தேன். இருநூத்தம்பது பேருன்னா பயந்து சொல்லிருவேன்னு நினைச்சேன். நீ செஞ்சிரலாம்ங்கிற! உனக்கு எதுக்குமே பயம் வராதாடா?"

"சொன்னா நீங்க தூங்கமாட்டீங்கன்னுதான்..."

"இப்ப மட்டும் தூங்குறேனா? உன் தோளையே பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கேன். ஏப்ரல் தாண்டினா கை போயிரும்னு அந்த சுபேதார் சொல்லிட்டுப் போனாரு. நீ பேரை எழுதிட்டு நிறுத்திட்ட. நான் ஒம்பதாவது ஃபெயிலுதான், நாள் எண்ணத் தெரியும்டா."

அவன் கீழே பார்த்தான். "அம்மாவுக்குத் தெரிய வேணாம்ப்பா. நான் அடுப்படி தாண்டமாட்டேன்னு அம்மா கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போனேன்."

"என்ன தெரிய வேணாம்?" என்று ஒரு குரல். இந்திராணி வாழையிலைக் கட்டோடு நின்றாள். இவ்வளவு சத்தமில்லாமல் வரத் தெரிந்தவள் வீட்டில் இருக்க, அவன் வேறு யாரிடமிருந்து அதைக் கற்றிருப்பான்.

"வந்த மறுநாளே எண்ணெய் தேய்ச்சுவிட்டேனே, முதுகைப் பார்க்காமலா தேய்ச்சேன்? பருப்பு கொட்டினா கொப்புளம் வரும்டா. ரூபாய் அகலத்துக்கு வட்டமா குழியா விழும்?"

"ஏன்மா கேக்கல?"

"உங்கப்பாவுக்கு சர்க்கரை. தெரிஞ்சா ஏறும்னு." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, நீங்க ஏன் சொல்லல?"

"உனக்கு பிரஷர்."

வைரமணி ஓடிவந்து, "குழந்தைக்குக் காதே குத்தியாச்சு, சாப்பாடு என்னாச்சு?" என்று கத்தினார்.

"அங்க என்ன செஞ்சேன்னு மட்டும் கேக்காதீங்கப்பா. சொல்லக்கூடாது" என்றான் திவாகர் அண்டாவைத் தூக்கப்போனபடி.

"கேக்கல. அதைக் கீழ வை, அந்தக் கையால தூக்காத."

அவன் தூக்கிவிட்டான். இரண்டு எட்டில் கை விட்டுவிட்டது. அண்டா போய்விடும் என்று நான் கண்ணை மூடினேன். திறந்தபோது சாம்ராஜ், தவசி, குர்மீத் மூவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். திவாகர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அது யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்தியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வத்தலக்குண்டு அப்படி ஒரு பரிமாறலைப் பார்த்ததில்லை. முதல் பந்தி பதினெட்டு நிமிஷம். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க நினைத்ததுமே பின்னாலிருந்து வந்து விழுந்தது. இரண்டு கிழவிகள் அலறினார்கள். வைரமணியின் சம்பந்தி, போதும் என்று சொல்லப் பயந்துபோய் ஐந்து வடை சாப்பிட்டாராம்.

சாயங்காலம் திவாகர் டிவிக்கு அடியிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்கே என்ற இடத்தில், "வடக்கே" என்றான். எப்படி என்ற இடத்தில், "தவசியை இழுத்துட்டு வரும்போது" என்றான். எழுதினேன். இந்திராணிக்கு ஒருதரம் படித்துக் காட்டினான். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய், தவசிக்கு மட்டும் இன்னொரு தோசை ஊற்றிக் கொண்டுவந்தாள்.

சாப்பிட்டது: எல்லாம்.

மார்ச் 1

ஓரத்தில் இந்திராணி எழுதியது: "பானிபூரிக்காரரை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடவும்."

மார்ச் 17

கோயம்புத்தூர். அறக்கட்டளையின் விடுதி. வரிசையாகக் கட்டில், பொதுச் சமையல்கட்டு. திவாகரைப் பார்த்ததும் சுபேதார், "சிறப்புச் சமையல் படை கலைக்கப்பட்டது" என்று விறைப்பாக அறிவித்தார். காதுகுத்து விஷயம் இங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சாம்ராஜின் வாய் அப்படி.

பெற்றவர்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பதினாறு வருஷம் என் மகன் சமையல்காரன் என்று ஊரெல்லாம் சொல்லி ஏமாந்த கதையைச் சொன்னேன். என்னைப் போல ஒரு மடையன் இருக்கமாட்டான் என்று முடித்தேன்.

சின்னமனூர்க்காரர் ஒருவர் எழுந்தார். அவர் மகன் தையல்காரன் என்று சொல்லியிருந்தானாம். லீவில் வந்தபோது தெருவே ஜாக்கெட் துணி கொடுத்ததாம். முப்பத்தொரு துணியையும் வாங்கிக்கொண்டு போய், ஜம்முவில் யாரிடமோ தைத்துப் பார்சலில் அனுப்பினானாம். ஒன்றுகூட யாருக்கும் பொருந்தவில்லையாம். இன்னொருவர் மகன் பேண்டு வாத்தியக்காரன். தங்கை கல்யாணத்தில் கிளாரினெட்டைக் கொடுத்தபோது, வாசிக்க மேலதிகாரி அனுமதி வேண்டும் என்று சொல்லித் தப்பித்தானாம். புதுக்கோட்டை நாகலிங்கம் எல்லாருக்கும் கடைசியாக, கூச்சத்தோடு, "நம்ம பயலும் சமையல்தாங்க" என்றார். அவர் மகனுக்கு நாளைக்கே கணுக்காலில் ஆபரேஷன். எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கொடுத்தார்கள்.

மார்ச் 18

காலை எட்டு மணிக்கு எங்கள் இருவர் மகன்களையும் உள்ளே கொண்டுபோனார்கள். திவாகர் போகும்போது, "அப்பா, ஒண்ணு கேக்கணும்னா இப்ப கேட்டுக்கங்க" என்றான். ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பதினாறு வருஷத்துக் கேள்வி உள்ளே இருந்தது.

"பசிக்குதாடா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமாப்பா" என்றான். கதவு சாத்திக்கொண்டது.

பத்து மணி. பதினொரு மணி. இந்திராணி வராண்டாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நாகலிங்கம் என்னிடம், அவர் மகன் வைத்த வெண்பொங்கலைப் பற்றிச் சொன்னார். அதை மாடுகூடச் சாப்பிடவில்லையாம். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு மணி வரை விடவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

பன்னிரண்டே காலுக்கு நர்ஸம்மா வெளியே வந்தார். முகத்தில் சலிப்பு.

"வலது தோள் ஆபரேஷன் பேஷண்டுக்கு மயக்கம் தெளிஞ்சிருச்சு. அஞ்சு விரலும் நல்லா அசையுதுன்னு டாக்டர் சொல்லச் சொன்னாரு. ஆனா நினைவு சரியா வந்திருக்கான்னு பார்க்கப் பேரு கேட்டா சொல்லமாட்டேங்குறாரு. ஊரு கேட்டாலும் சொல்லமாட்டேங்குறாரு. எத்தனை தடவை கேட்டாலும் நான் சமையல்காரன், நான் சமையல்காரன்ங்கிறாரு. சமையல்காரரோட அப்பா யாருங்க இங்க?"

இரண்டு பேர் எழுந்து நின்றோம்.

நாகலிங்கத்துக்குத் தெரியும், அது அவர் மகன் இல்லை என்று. கால் தானாக எழுந்துவிட்டது, பாவம். உட்காரப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. இந்திராணி எங்களுக்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டாள்.